பாற் கூட்டுறவும் மாறிவரும் சந்தையும்

நெல் விளைப்போருக்கும் மரக்கறித் தோட்டஞ் செய்வோருக்கும் மாடு வேறு, பயிர் வேறு அல்ல. வயலில் எஞ்சும் வைக்கோல் மாட்டுக்கு உணவாகின்றது. மாட்டின் சாணமும் சலமும் தோட்டத்துக்கு உரமாகின்றன. நெல்லின் பணம் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ கைக்கு வரும். மரக்கறியின் பணம் சந்தையின் போக்குக்கேற்ப ஏறியும் இறங்கியும் வரும். பாலின் பணமோ, விற்பனவுக்குச் சரியான ஒழுங்கு இருக்குமாயின், வாரந்தோறும் தவறாது வரும். அவ்வொழுங்கு யாது, அதனை அமைப்பவர் யாவர், இக்காலச் சந்தையில் அது எவ்வாறு மாறியுள்ளது என்பவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

வாவியின் இரு கரைகள்

ஆரையம்பதி, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில், எழுவான்கரையில் அமைந்துள்ளது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் மறுகரை படுவான்கரையாகும். பரந்த வயல்களும் மாட்டுப் பட்டிகளும் பெரும்பாலும் அக்கரையில் உள்ளன. சனச்செறிவும் கடைத்தெருக்களும் பெருந்தெருவும் இக்கரையில் உள்ளன. பால் ஒரு கரையிலும் அதனை வாங்குவோர் மறுகரையிலுமாக இருப்பதே இப்பகுதியின் நெடுநாளைய நிலைமை.

கறந்த பால் எமது நாட்டு வெப்பத்தில் சில மணி நேரத்துக்குள் பழுதடையத் தொடங்குகின்றது. தோணியிலும் பாதையிலும் வாவியைக் கடந்து செல்ல வேண்டியிருந்த காலத்தில், பாலைப் பாலாகவே சந்தைக்குக் கொண்டுசெல்வது இலகுவன்று. தயிராக உறையவைத்த பால் சட்டியுடன் பயணத்தைத் தாங்கும். மட்டக்களப்பிலே தயிர்த் தொழில் ஓங்கியமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறலாம்.

2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பால் சிறிது நேரத்துக்குள் எழுவான்கரைக்கு வந்துசேரக்கூடியதாயிற்று. ஆயினும், பாலம் பாலை விரைவாகக் கொண்டுவருமேயன்றி, நியாயமான விலையையும் தானாகவே கொண்டுவராது. கொள்வனவு செய்வோரின் வாகனம் விரைவில் வந்து சேர்வதுபோல, விற்போரும் விரைவில் ஒன்றுசேர வேண்டும். இல்லையேல் புதிய வசதியின் பயன் வாங்குவோருக்கே பெரும்பாலும் போய்ச் சேரும்.

தனியே விற்பவரின் நிலைமை

நெல்லை விற்க விரும்பாதவர் அதனைப் பட்டறையில் இட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். பால் விற்பவருக்கு அவ்வசதி இல்லை. காலையிற் கறந்த பாலை நண்பகலுக்குள் விற்காவிடின் அது கெடும். வாங்குபவர் இதனை நன்கு அறிவார். எனவே, விலை பேசும் வேளையில் விற்பவரின் கை தாழ்ந்தே இருக்கும்.

இதனுடன் முற்பணமும் சேர்ந்துகொள்கின்றது. விதைப்புக் காலத்தில் பணமின்றி இருக்கும் கமக்காரர், பாலை வாங்கும் வியாபாரியிடமே முற்பணம் பெறுகின்றார். கடன் தீரும்வரை பாலை அவருக்கே, அவர் கூறும் விலைக்கே கொடுக்க வேண்டியவராகின்றார். முற்பணம் அவசரத்துக்கு உதவுகின்றது என்பது உண்மை. ஆனால் அதற்குரிய வட்டி எங்கும் எழுதப்படுவதில்லை; ஒவ்வொரு லீற்றரின் விலைக்குறைவிலும் அது மறைந்திருக்கின்றது.

மேலும், பாலை அளவினால் மட்டும் வாங்கும்போது தரத்துக்கு மதிப்புக் கிடைப்பதில்லை. எருமைப் பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கொழுப்பு உண்டு. பசும்பாலில் அது ஏறக்குறைய 4 பங்காகும். இவ்விரண்டுக்கும் ஒரே விலை கொடுப்பது, சம்பா நெல்லுக்கும் பதர் கலந்த நெல்லுக்கும் ஒரே விலை கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கூட்டுறவின் தோற்றம்

இக்குறைகளுக்குப் பரிகாரமாகவே பாற் கூட்டுறவு தோன்றியது. 1882ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டிலுள்ள யெடிங் என்னும் சிற்றூரின் கமக்காரர் தமக்குச் சொந்தமான பாற்சாலை ஒன்றைக் கூட்டாக அமைத்தனர். மாடு பல வைத்திருப்பவருக்கும் ஒன்றே வைத்திருப்பவருக்கும் சபையில் ஒரு வாக்கே என்பதும், இலாபம் கொடுத்த பாலின் அளவுக்கேற்பப் பகிரப்பட வேண்டும் என்பதும் இவ்வியக்கத்தின் அடிப்படை விதிகளாயின.

எமக்கு அண்மையிலுள்ள சிறந்த உதாரணம் குசராத்தின் கைரா மாவட்டமாகும். அங்கு விளைந்த பாலைப் பம்பாய் நகருக்கு வழங்கும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. உற்பத்தியாளருக்குக் கிடைத்த விலையோ அற்பமானது. 1946ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் சமர்க்கா என்னும் ஊரில் கூடிய கமக்காரர், தமது சங்கத்தின் மூலமன்றி எவருக்கும் பால் விற்பதில்லையெனத் தீர்மானித்துப் பதினைந்து நாள் பாலை நிறுத்தினர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 14ஆம் தேதி கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாசு பட்டேல் அதன் தலைவராக விளங்கினார். 1949ஆம் ஆண்டில் ஆனந்து நகருக்கு வந்த பொறியியலாளர் வர்க்கீசு குரியன் அதன் நிருவாகத்தை வளர்த்தெடுத்தார். இரண்டு ஊர்ச் சங்கங்களும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லீற்றர் பாலுமாகத் தொடங்கிய அவ்வியக்கமே, பின்னர் அமுல் என்னும் பெயரால் உலகறிய வளர்ந்தது.

எருமை வளர்க்கும் மட்டக்களப்பாருக்கு இவ்வரலாற்றில் மற்றுமொரு செய்தி உண்டு. எருமைப் பாலிலிருந்து மா தயாரித்தல் இயலாதென மேனாட்டு நிபுணர் பலர் அக்காலத்தில் கருதினர். ஆனந்து ஒன்றியத்தைச் சேர்ந்த தலாயா என்பவர் அதற்குரிய முறையைக் கண்டார். 1955ஆம் ஆண்டில் அங்கு பால்மாத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உற்பத்தியாளரிடம் உள்ள பாலுக்கேற்ற தொழிலைச் சங்கமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பாடமாகும்.

1970ஆம் ஆண்டு முதல் 1996ஆம் ஆண்டு வரை இந்தியாவில் நடைபெற்ற பாற்பெருக்குத் திட்டம் இம்முறையை ஏனைய மாநிலங்களுக்கும் பரப்பியது. ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாகக் கிடைத்த பால்மாவை உள்ளூர் விலையைக் கெடுக்கும் வகையில் மலிவாக விற்காது, அதனை விற்ற பணத்தைக் கொண்டே உள்ளூர்க் கூட்டுறவுகளைக் கட்டியெழுப்பியமை அத்திட்டத்தின் சிறப்பாகும்.

இலங்கையின் அனுபவம்

இலங்கையிற் கூட்டுறவுக்கு 1911ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. முதலிற் கடனுதவிச் சங்கங்கள் வளர்ந்தன. 1954ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகப் பாற்சபை அமைந்து, பாலைச் சேகரித்துப் பதனிடும் பணியை மேற்கொண்டது. 1957ஆம் ஆண்டு முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் அமைந்தன. 1970களின் தொடக்கத்தில் இச்சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. இணைப்பினாற் சில செலவுகள் குறைந்தபோதிலும், "இது எமது சங்கம்" என்னும் உணர்வு உறுப்பினரிடையே குன்றியது.

1977ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின், வெளிநாட்டுப் பால்மா பெருமளவில் வந்து வீடுதோறும் பழக்கமாயிற்று. 1986ஆம் ஆண்டிற் பாற்சபையின் பணிகள் ஒரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அது மில்கோ என்னும் பெயரைப் பெற்றது. தனியார் நிறுவனங்களும் ஊர்களில் பாலைக் கொள்வனவு செய்யத் தொடங்கின. இன்றும் நாட்டின் தேவையிற் பாதிக்கும் குறைவான பாலே உள்நாட்டிற் கிடைக்கின்றது. எஞ்சியது பால்மாவாகவே வருகின்றது.

2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது, கடைகளிற் பால்மா கிடையாது மக்கள் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். தன் வீட்டுக் கொட்டிலில் ஒரு பசு நிற்பதன் பெறுமதியை அவ்விரு ஆண்டுகளும் புகட்டின.

சங்கத்தின் பணி எவ்வாறு மாறியுள்ளது

முற்காலத்தில் வாங்குபவர் ஒருவரே. சங்கத்தின் வேலை பாலைச் சேர்த்து அவரிடம் ஒப்படைப்பதுடன் முடிந்தது. இப்பொழுது வாங்குவோர் பலர். அரச நிறுவனம், தனியார் நிறுவனம், தயிர் தயாரிப்போர், தேநீர்க்கடைக்காரர், விடுதி நடத்துவோர் எனப் பலரும் பாலை நாடுகின்றனர். ஆதலால், "சங்கம் இனி எதற்கு?" எனச் சிலர் வினவுகின்றனர். வாங்குவோர் பலராகும்போது சங்கத்தின் தேவை குறைவதில்லை. அதன் பணிகளே மாறுகின்றன. அவை பின்வருவன:

1. சோதித்தல். பால்மானியாலும் கொழுப்புச் சோதனையாலும் ஒவ்வொருவரின் பாலையும் உறுப்பினர் முன்னிலையிலேயே சோதித்து, தரத்துக்கேற்ற விலை பெற்றுக்கொடுத்தல்.

2. குளிரூட்டல். கறந்த பாலைத் தாமதமின்றி 4 பாகை செல்சியசு அளவுக்குக் குளிர்த்தினால் அது கெடாது நிற்கும். குளிரூட்டும் தாங்கி உடைய சங்கம், "இவ்விலை போதாது" என ஒரு நாள் கூறவல்லது. தனியாளால் அவ்வாறு கூறவியலாது. விலை பேசும் வலிமை இத்தாங்கியிலேயே தங்கியுள்ளது.

3. ஒப்பந்தஞ் செய்தல். சிதறிய நாற்பது வீடுகளின் பாலைவிட, ஓரிடத்திற் சோதித்துக் குளிர்த்திய 200 லீற்றர் பாலை வாங்குவோர் விரும்புவர். அவர்களுக்குக் குறையும் போக்குவரத்துச் செலவில் ஒரு பங்கை விலையாகக் கேட்பது நியாயமே.

4. உள்ளீடுகளை வழங்கல். புண்ணாக்கு, தவிடு, தாதுப்பொருட் கலவை ஆகியவற்றை மொத்தமாக வாங்கல். செயற்கைமுறைச் சினைப்படுத்தலையும் மிருக வைத்தியரின் சேவையையும் ஒழுங்குபடுத்தல்.

5. சிறு கடன் வழங்கல். விதைப்புக் காலத்து முற்பணத்தைச் சங்கமே கொடுத்து, பாற்பணத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழித்தல். இதனால் முற்பணத்தின் வட்டி வெளிப்படையாகின்றது.

6. பொருளாக்கல். விலை தாழும் காலத்திற் பாலைத் தயிராகவும் நெய்யாகவும் மாற்றிச் சங்கத்தின் பெயரிலேயே விற்றல்.

இவை யாவற்றையும் ஒவ்வொரு சங்கமும் செய்ய வேண்டுமென்பதில்லை. எதனைத் தன் கையில் வைத்திருப்பது, எதனைப் பிறரிடம் விடுவது என்பதை உறுப்பினரே தீர்மானிக்க வேண்டும். எமது கடைகளில் விற்கப்படும் அங்கர் பால்மாவை நெடுங்காலமாக வழங்கிவந்த நியூசிலாந்தின் பொன்ரெரா, 2001ஆம் ஆண்டில் இரு பெரிய கூட்டுறவுகள் இணைந்து உருவான, கமக்காரருக்கே சொந்தமான அமைப்பாகும். 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில், தமது நுகர்பொருட் பிரிவைப் பிரான்சிய நிறுவனம் ஒன்றுக்கு விற்பதற்கு அதன் உறுப்பினர் பெரும்பான்மை வாக்கால் உடன்பட்டனர். அம்முடிவு நன்றோ தீதோ என்பது வேறு விடயம். உலகின் பெரிய பாற் கூட்டுறவுகளுள் ஒன்றும் மாறும் சந்தைக்கேற்பத் தன் பணியை மீண்டும் வகுக்கின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஒரு கணக்கு

சங்கம் நிலைப்பதற்குப் பாலின் அளவு எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஓர் எண்ணிக்கையால் விளக்குவோம். இது விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்ட கணக்காகும்.

ஒரு சங்கத்தில் 40 உறுப்பினர் உளர்; ஒவ்வொருவரும் நாளுக்கு 5 லீற்றர் கொடுக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 லீற்றர். சங்கம் தன் செலவுக்காக லீற்றருக்கு 8 ரூபா எடுப்பின், நாளுக்கு 1,600 ரூபாவும் மாதத்துக்கு 48,000 ரூபாவும் சேரும். செயலாளரின் வேதனம், மின்சாரம், துப்புரவு ஆகியவற்றுக்கு மாதம் 36,000 ரூபா செல்லுமாயின், 12,000 ரூபா மிஞ்சும்.

இனி, வெளியார் ஒருவர் வந்து லீற்றருக்கு 3 ரூபா கூடுதலாகத் தருவதாகக் கூற, 15 உறுப்பினர் அவரிடம் செல்கின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 450 ரூபா மேலதிகமாகக் கிடைக்கும். சங்கத்துக்கோ 125 லீற்றரே எஞ்சும். வரவு மாதம் 30,000 ரூபாவாகக் குறையும். செலவு குறைவதில்லை, 36,000 ரூபாவாகவே நிற்கும். மாதந்தோறும் 6,000 ரூபா நட்டம். சில மாதங்களிற் சங்கம் மூடப்படும். சங்கம் மூடப்பட்ட பின், அந்த மூன்று ரூபாவைத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய அவசியம் அவ்வெளியாருக்கு இல்லை.

ஆகையால், கூடிய விலை தருவதாக ஒருவர் வந்தால், அதனைத் தனியே ஏற்றுக்கொள்ளாது சங்கக் கூட்டத்தில் முன்வைத்தல் வேண்டும். அவ்விலை உண்மையானதாயின், 200 லீற்றருக்கும் அதனைக் கேட்கலாம்.

நெல்லும் தோட்டமும் மாடும்

எழுவான்கரையின் மணற்றரை நீரையும் உரத்தையும் நெடுநேரம் பிடித்துவைப்பதில்லை. கத்தரி, மிளகாய், பயிற்றை முதலியவற்றைச் செய்வோர் இதனை நன்கறிவர். மக்கிய சாணம் இம்மண்ணுக்கு நீரைப் பிடிக்கும் தன்மையைத் தருகின்றது. நன்கு மக்கிய 1,000 கிலோகிராம் தொழுவுரத்தில் ஏறக்குறைய 5 கிலோகிராம் நைதரசன் உண்டு. இது ஏறக்குறைய 11 கிலோகிராம் யூரியாவிலுள்ள அளவாகும். எனவே சாணம் யூரியாவின் இடத்தை முழுவதும் நிரப்பிவிடும் எனக் கூறுதல் பொருந்தாது. இட்ட யூரியா வீணாகாது தடுக்கும் என்பதே பொருந்தும். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில், மாடு உடைய தோட்டக்காரரின் கையில் இட்டுக்கொள்ள ஏதேனும் ஓர் உரம் இருந்தது.

வயலிலிருந்து மாட்டுக்குச் செல்லும் வழியையும் கவனித்தல் வேண்டும். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்க, அதனை எரித்துவிடுவோர் பலர். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, படைபடையாகத் தெளித்து, காற்றுப் புகாது மூடி, பத்து நாள் அளவில் வைத்தால் வைக்கோலின் உணவுச் சத்தும் செரிக்கும் தன்மையும் உயரும். திறந்து சிறிது நேரம் காற்றாட விட்டபின் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இதனைக் கொடுத்தலாகாது. யூரியாவையோ யூரியா கரைத்த நீரையோ மாடு நேரே உண்ண நேர்ந்தால் அது நஞ்சாகும். சங்கத்தின் மூலம் ஓரிடத்தில் இதனைச் செய்து காட்டுவது பயன்தரும்.

மேய்ச்சற்றரையும் பொதுக் குரலும்

பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் பட்டிகளுக்கு ஒதுங்க இடம் வேண்டும். மேய்ச்சற்றரை சுருங்கினால் மாடு பயிருக்குள் இறங்கும். நெற்செய்கையாளரும் பட்டிக்காரரும் பிணங்குவர். மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் தமது மாடுகளுக்குரிய மேய்ச்சற்றரை வெளியாரின் பயிர்ச்செய்கைக்கு உட்பட்டது என முறையிட்டு, மட்டக்களப்பு மாவட்டப் பாற்பண்ணையாளர் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் அறவழிப் போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் நிலமின்றிப் பாற்சந்தை பற்றிப் பேசுதல் வேரின்றிக் கிளையைப் பேசுவதாகும். இத்தகைய விடயங்களில் ஒரு பட்டிக்காரரின் முறைப்பாட்டைவிட, பதிவுசெய்யப்பட்ட சங்கத்தின் முறைப்பாடு அதிகாரிகளிடமும் நீதிமன்றிலும் வலுவுடையது.

இயற்கை இடருக்கும் இது பொருந்தும். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய குளிர்காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. மாடுகளின் தொகையைச் சங்கப் பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்து வைத்திருப்போர், நட்டத்தைச் சான்றுடன் நிறுவலாம்.

சங்கம் தளர்வது எதனால்

பணம் தாமதித்துக் கொடுபடுதல், கணக்கு மறைக்கப்படுதல், ஒரு சிலரே நெடுங்காலம் பதவியில் இருத்தல், கட்சிப் பூசல் புகுதல், நீர் கலந்த பாலை உறவினருடையது என்பதற்காக ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய ஐந்தும் சங்கத்தை அரிக்கும் கறையான்களாம். பெரும்பாலான வீடுகளில் மாட்டைப் பேணுபவர் பெண்கள். சங்கத்தின் உறுப்புரிமையோ ஆண்களின் பெயரில் இருக்கின்றது. வேலை செய்பவருக்கு வாக்கு இல்லாத சங்கம் நெடுநாள் நிலைப்பது அரிது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. கறக்குமுன் கைகளையும் மடியையும் கழுவித் துடைத்தல் வேண்டும். முதற் சில பீர்களைக் கரிய கிண்ணத்திற் கறந்து, திரள் தோன்றுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

2. உலோகப் பாத்திரத்தையே உபயோகித்தல் வேண்டும். கீறல் விழுந்த பிளாத்திக்குக் கலன்களில் அழுக்குத் தங்கும்.

3. மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மிருக வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை சங்கத்துக்குக் கொடுத்தலாகாது.

4. ஒவ்வொரு நாளும் கொடுத்த பாலின் அளவையும் கொழுப்பு வீதத்தையும் தன் கைப்புத்தகத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.

5. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாது சென்று, கணக்காய்வு அறிக்கையை வாசிக்கக் கேட்டு, ஐயங்களை அங்கேயே வினவுதல் வேண்டும்.

6. மாட்டைப் பேணும் பெண்களைச் சங்க உறுப்பினராகச் சேர்த்தல் வேண்டும்.

சங்கம் புதிதாக அமைக்க விரும்புவோர், 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பற்றியும் மாகாண விதிகள் பற்றியும் தமது பகுதிக் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டறிதல் நன்று.

முன்னாளில் வாவியைக் கடப்பதற்குப் பாலம் இல்லாதிருந்தது. இன்று பாலம் உண்டு, பாலும் உண்டு, வாங்குவோரும் உளர். ஒருவர் தம் குடத்தைத் தனியே ஏந்தி நிற்கும்வரை விலையைப் பிறரே சொல்வர். நாற்பது வீடுகளின் குடங்கள் ஒரே தாங்கியில் நிறையும் நாளில், விலை பேசும் மேசையின் ஒருபக்கத்தில் கமக்காரருக்கும் ஓர் ஆசனம் கிடைக்கும்.